காட்சிக்கு மட்டும்

குற்றாலத்தில் சீசன் முடிகிறபோது லாட்ஜ் போர்வைகளில் ஒரு வாசம் ஏறிவிடும். நல்லெண்ணெய், நனைந்த தலைமுடி, மிளகாய் பஜ்ஜிக் கடையின் புகை, கட்டிலில் உட்கார்ந்து யாரோ உரித்துத் தின்ற மங்குஸ்தானின் துவர்ப்பு எல்லாம் சேர்ந்து, எத்தனை தடவை அலசிக் காயப்போட்டாலும் போகாத வாசம் அது. ஐந்தருவிக்குப் போகும் சாலையில் இருந்த ஒரு லாட்ஜில் அறை கூட்டித் துடைத்துப் போர்வை துவைக்கும் வேலை பார்த்த என் அம்மாவின் சேலையில் அது இருந்தது. எங்கள் வீட்டுப் பாயில் இருந்தது. நான் முதன்முதலாக முழுதாகப் படித்து முடித்த கதைப் புத்தகத்திலும் இருந்தது. பழைய வாசங்கள் மனதைக் கனிய வைக்கும் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்த வாசம் வந்தால் இன்றும் கோபம்தான் வருகிறது. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

அந்த லாட்ஜில் ஒரு வழக்கம் உண்டு. தங்கிப் போகிறவர்கள் மறந்து விட்டுப்போன சாமான்களை மானேஜர் ஒரு அலமாரியில் போட்டு வைப்பார். சீசன் முடிந்தும் யாரும் தேடி வராவிட்டால், வேலை பார்த்த பெண்களைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளச் சொல்வார். துண்டு, சீப்பு, பாதி தீர்ந்த எண்ணெய்ப் பாட்டில், பிள்ளைகளின் ஒற்றைச் செருப்பு, இவைதான் பெரும்பாலும் இருக்கும். ஒரு வருஷம் அதில் ஒரு தடித்த புத்தகமும் கிடந்தது. குளியலறைத் தரையில் நனைந்து உப்பியிருந்ததால் அட்டையும் முதல் சில பக்கங்களும் பிய்ந்து போயிருந்தன. அம்மா தன் முறை வந்ததும் நல்ல பூத்துண்டு ஒன்றை விட்டுவிட்டுப் புத்தகத்தை எடுத்தாள். கூட வேலை பார்த்தவர்கள் சிரித்திருக்கிறார்கள்.

"ஏட்டி பேச்சி, கோட்டியா ஒனக்கு? துண்டு இருக்கச்சில இதைத் தூக்கிட்டுப் போற? தலை துவட்டவா?"

"எம் மவன் படிப்பான்" என்று அம்மா சொன்னாளாம். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அப்பாவுக்கும், அவருக்கு முன்னால் இருந்த யாருக்கும் தெரியாது. வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான் என்பதால், எழுத்து இருந்த எந்தப் பொருளும் எனக்கு உரியது என்பது அம்மாவின் கணக்கு. மருந்துப் பாட்டில், கரண்ட் பில், பஸ்ஸின் நெற்றிப் பலகை, கடைசியில் இந்தப் புத்தகம்.

அட்டை இல்லாததால் அதன் பெயரோ எழுதியவர் பெயரோ இன்றுவரை எனக்குத் தெரியாது. கதை நடப்பது அனலிலி என்ற நாட்டில். நெருப்பு இருப்பதால்தான் போர் வருகிறது என்று பயந்த ஓர் அரசி, நாட்டில் இருந்த கங்குகளை எல்லாம் ஒரு கல்லுக்குள் பூட்டிவிடுகிறாள். அன்றிலிருந்து அங்கே அடுப்பு கிடையாது, விளக்கு கிடையாது. மக்கள் வெயில் காய்ச்சியதையும் தண்ணீர் ஊறவைத்ததையும் தின்று வாழ்கிறார்கள். நான் ஒவ்வொரு சாயங்காலமும் சிற்றாற்றங்கரையில் உட்கார்ந்து அதை உரக்கப் படிக்க, தெருப் பிள்ளைகள் கேட்பார்கள். அவர்களில் கடைசிவரை எழுந்து போகாதவர்கள் இரண்டு பேர். ஒருத்தி பக்கத்து வீட்டு எஸ்தர், என் வகுப்பு, வாய்க்குப் பேர் போனவள். இன்னொருவன் இசக்கி. அவன் அப்பா அருவிக்குப் போகும் வழியில் பழக்கடை வைத்திருந்தார்.

"அடுப்பில்லாத ஊரா? அங்கன அம்மாமாருக்கெல்லாம் ஜாலிதாம்லே" என்றான் இசக்கி முதல் நாள். அதை வீட்டில் போய்ச் சொன்னபோது, ஈர விறகை ஊதிக் கண் சிவந்து போயிருந்த அம்மா, "அந்த ஊர்ல எனக்கு ஒரு வீடு பாருலே முத்து" என்றாள். அன்றிலிருந்து எங்களுக்கு அது "அடுப்பில்லா நாடு".

மூன்றாவது அத்தியாயத்தில் ஒரு விருந்து வரும். அதில் அரசியின் தட்டில் ஒரு கனி: கருஞ்சிவப்புத் தோல் தடிமனாக இருக்கும், இரண்டு கையாலும் அமுக்கினால் பிளக்கும், உள்ளே மேகத் துண்டுகள்போல வெள்ளைச் சுளைகள் அடுக்கியிருக்கும். நான் இதைப் படித்து முடிப்பதற்குள் இசக்கி எழுந்து நின்றுவிட்டான்.

"ஏலே, இது மங்குஸ்தான்லே! எங்க கடையில இருக்கு!"

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மங்குஸ்தான் எங்கே விளைகிறது? எங்கள் மலையில். அப்படியென்றால் அடுப்பில்லா நாடு எங்கே இருக்கிறது? அருவிக்கு மேலே. அந்த நாட்டு மக்கள் குளித்துவிட்ட தண்ணீர்தான் பெரிய அருவியாக விழுந்து, சென்னையிலிருந்து வருகிற ஆட்களின் தலையை நனைத்து, சிற்றாறாக எங்கள் காலடிக்கு வருகிறது. அந்த வயதில் நாங்கள் கண்டுபிடித்தவற்றில் இதைவிட உறுதியாக எதையும் நம்பியதில்லை. காட்டிலாகா ஆட்கள் மேலே போகக் கூடாது என்று தடுப்பது எதற்கு என்பதும் அன்றைக்கே எங்களுக்குப் புரிந்துபோயிற்று.

அதன்பிறகு கேட்பதோடு நிற்க முடியவில்லை. அந்த நாட்டை இங்கேயே வைத்து வாழ்ந்துவிடுவது என்று முடிவு செய்தோம். பெரியவர்கள் துணையில்லாமல் பிள்ளைகள் சமைக்கக்கூடிய ஒரே சமையல் நெருப்பில்லாத சமையல்தானே. கதையில் வந்த "ஊறிய பொன்" எங்கள் கையில் கருப்பட்டிப் பாகில்லாமல், துருவிய கருப்பட்டியும் தேங்காயும் போட்டு நனைத்த சிவப்பு அவலாயிற்று. "பாறையின் கண்" நுங்காயிற்று. "ஏழைகளின் முறுக்கம்" என்ற ஒன்று மட்டும் என்னவென்று தெரியவில்லை. வெள்ளரிக்காயைக் கீறி உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவி வைத்து, தின்றால் முகம் முறுக்கிக்கொள்கிறது, ஆகவே இதுதான் என்று எஸ்தர் தீர்ப்புச் சொன்னாள்.

அந்த நாட்டில் ஒரு சட்டம் இருந்தது. வெளியிலிருந்து யார் வந்தாலும் அந்த ஊர்க்காரர் ஒருவர் கையால் ஒரு கவளம் வாங்கித் தின்ன வேண்டும். தின்றால் அவரும் அந்த நாட்டார். மறுத்தால் அடிக்க மாட்டார்கள், துரத்த மாட்டார்கள்; ஆனால் அதற்குப்பின் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். இந்தச் சட்டத்தை எங்கள் தெருவில் கறாராக அமல்படுத்தினோம். தபால்காரர் தின்றார். ஐஸ் விற்கிற அண்ணாச்சி இரண்டாவது கவளமும் கேட்டார். என் அம்மா வேலை முடிந்து வந்த களைப்பில் வாசலில் நின்றபடியே வாயைத் திறந்து காட்ட, எஸ்தர் ஊட்டிவிட்டு, "சித்தி, இனிமே நீங்க நம்ம நாட்டு ஆளு" என்றாள்.

"நாடு கிடக்கட்டும், இன்னும் கொஞ்சம் அவல் இருக்கா?" என்றாள் அம்மா.

விளையாட்டையும் சொல்ல வேண்டும். அனலிலியில் சண்டைகளை வாளால் தீர்ப்பதில்லை, "நீர்க்காவல்" ஆடித் தீர்க்கிறார்கள் என்று புத்தகத்தில் அரைப் பக்கம் வரும். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் குவித்து ஆற்றில் நீர் மொண்டு, காவல்காரர்களைக் கடந்து, ஒரு பாறைக் குழியில் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். குழி நிறைந்தால் வெற்றி. காவல்காரர் தொடக் கூடாது, வழி மறிக்கக் கூடாது. ஆனால் பேசலாம். எது வேண்டுமானாலும் பேசலாம். நீர் கொண்டு போகிறவர் சிரித்தாலும் பதில் சொன்னாலும் தோற்றார். ஆனால் அதை யாரும் அறிவிக்க வேண்டியதில்லை. சிரிக்கும்போதும் கோபப்படும்போதும் கை தானாக விரிந்துவிடும், நீர் போய்விடும். மீதி விதிகளை நாங்களே சேர்த்துக்கொண்டோம். சிற்றாற்றங்கரையில் குழி விழுந்த பாறை ஒன்று இதற்கென்றே படைத்ததுபோலக் கிடந்தது.

எஸ்தர் காவலுக்கு நின்றால் ஒரு சொட்டு தாண்டாது. இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு, ஊர் வம்பையெல்லாம் எடுத்து வீசுவாள்.

"ஏலே இசக்கி, உங்கப்பா கடையில காணாமப் போற ரம்புட்டான் எல்லாம் எங்கலே போவுது? வயித்தக் காட்டு, தட்டிப் பாப்போம்."

இசக்கி சிரித்துக் கொட்டிவிடுவான்.

"ஏலே முத்து, தூக்கத்துல வாய்ப்பாடு சொல்லுதியாமே? ஏழாம் வாய்ப்பாட்டுல நின்னு அழுதியாம். உங்கம்மா எங்க வீட்டுல வந்து சொல்லிச் சிரிக்காவ."

"பொய் சொல்லாதட்டி!" என்பேன். அவ்வளவுதான், கையில் ஈரம் மட்டும் இருக்கும்.

அவள் நீர் கொண்டு போகும்போது கதை வேறு. நாங்கள் என்ன கத்தினாலும் அவள் முகம் அந்தப் பாறையைப் போலவே இருக்கும். அவள் வீட்டில் அவள் அப்பா குடித்துவிட்டு வந்து பேசுகிற பேச்சைக் கேட்டு வளர்ந்தவளை நாங்கள் என்ன சொல்லி அசைத்துவிட முடியும்? "பேசுதவன் பேசட்டும்லே, விரலை மட்டும் விடாத" என்று எனக்குச் சொல்லித் தந்தது அவள்தான்.

அடுத்த சீசனில்தான் அந்த விழா வந்தது. தென்காசியில் ஒரு வாசகர் சங்கம், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம் என்று கல்யாண மண்டபம் ஒன்றில் நடத்தியது. ஒவ்வொரு பள்ளியும் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு, அதன் உலகத்தை உணவாலும் விளையாட்டாலும் கண்முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்பது போட்டி. எங்கள் பள்ளித் தமிழ் டீச்சர், நாங்கள் ஆற்றங்கரையில் அடிக்கும் கூத்தைக் கேள்விப்பட்டு எங்கள் பெயரைக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு அவருக்கு வேறு வேலை வந்துவிட்டதால் நாங்கள் மூவர் மட்டும் டவுன் பஸ்ஸில் போனோம். இசக்கியின் அப்பா அன்று மட்டும் அடிபட்ட பழத்தைத் தராமல், கூடையின் மேல்தட்டிலிருந்து முதல் தரமான மங்குஸ்தானாகப் பொறுக்கித் தந்தார். அம்மா லாட்ஜுக்குப் போகுமுன் இருட்டோடு எழுந்து, அவலைக் களைந்து, கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்து, தூக்குவாளியில் போட்டு, மேலே வாழையிலை வைத்துக் கட்டித் தந்தாள். அவலை நனைத்த தண்ணீர் மட்டும் அடுப்பில் கொதித்தது, ஆகவே சட்டப்படி இது குற்றம் என்று எஸ்தர் முறைத்துப் பார்த்தாள். "பெரிய மனுசங்க திங்கப் போறாங்கட்டி, வயித்துக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாது" என்றாள் அம்மா.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குப் பரிசு ஒரு பொருட்டாகவே இல்லை. நாங்கள் காத்திருந்தது ஒன்றுக்குத்தான்: அன்றைக்கு வருகிற பெரியவர்கள் எங்கள் கையால் ஒரு கவளம் தின்று அடுப்பில்லா நாட்டாராக வேண்டும். தபால்காரரும் ஐஸ் அண்ணாச்சியும் சேர்ந்தாயிற்று. இனி படித்தவர்கள் சேர வேண்டும். அவர்களும் சேர்ந்துவிட்டால் அந்த நாடு நிஜமாகிவிடும் என்று நான் நம்பினேன். புத்தகம் படிக்கிறவர்கள் எல்லாரும் ஒரே ஊர்க்காரர்கள் என்று நினைத்த வயது.

எங்கள் மேசைக்குப் பக்கத்து மேசையில் ஒரு தனியார் பள்ளிப் பிள்ளைகள் கோட்டை வடிவில் கேக் வைத்திருந்தார்கள். பேக்கரியில் செய்யச் சொல்லி வாங்கியது. விளையாட்டுக்கு அச்சடித்த அட்டையும் தாயக்கட்டையும் இருந்தன. அவர்கள்மேல் எனக்கு அன்றும் வருத்தமில்லை, இன்றும் இல்லை. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி எங்கள் அவலை வாங்கித் தின்றுவிட்டு, "இது சூப்பரா இருக்கு" என்று சொன்னவள்தான்.

பிறகு சங்கத்தின் செயலாளர் அம்மாளும், நடுவராக வந்த ஓய்வுபெற்ற பேராசிரியரும் வந்தார்கள். அந்த அம்மாள் முகம் மலர்ந்து, "அட, மங்குஸ்தான்!" என்று ஒரு சுளையை எடுத்துவிட்டார். விரல்களுக்கு நடுவில் அந்த வெள்ளைச் சுளை இருந்தது. வாய்க்குப் போக வேண்டியதுதான் பாக்கி.

"எந்த ஏரியா பிள்ளைங்க நீங்க?"

இசக்கி தெருப் பெயரைச் சொன்னான்.

"அம்மா என்ன பண்றாங்க?" இது என்னிடம்.

சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். லாட்ஜின் பெயரையும் சேர்த்துச் சொன்னேன்.

சுளை தட்டுக்குத் திரும்பிப் போயிற்று. கீழே போடவில்லை, முகம் சுளிக்கவில்லை. மெதுவாக, இருந்த இடத்திலேயே, மற்ற சுளைகளோடு வரிசையாக இருக்கும்படி வைத்தார். பிறகு கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார்.

"அவலை எந்தத் தண்ணியில நனைச்சீங்க? சின்னப் பசங்க நிறையப் பேர் வர்றாங்க. யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? எல்லாம் சுகாதாரம் பார்க்கணும் இல்லையா?"

தண்ணீரைப் பற்றிக் கேட்டது தவறா என்று நீங்கள் கேட்கலாம். தவறே இல்லை. பிள்ளைகள் கூடுகிற இடத்தில் யாரும் கேட்க வேண்டிய கேள்விதான். பக்கத்து மேசைக் கேக்கை எப்போது சுட்டார்கள், முட்டை எங்கே வாங்கினார்கள் என்றும் கேட்டிருந்தால் எனக்கு இன்றைக்கு எழுத எதுவும் இருந்திருக்காது. தண்ணீரைப் பற்றிய கேள்வி முதலில் வந்திருந்தாலும் சரி. அது தெருவுக்குப் பிறகு வந்தது. அம்மாவின் வேலைக்குப் பிறகு வந்தது. கொதித்து ஆறிய தண்ணீர் என்று நான் சொன்ன பதில் அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை, ஏனென்றால் அவருக்கு வேண்டிய பதில் ஏற்கெனவே கிடைத்துவிட்டது. "சுகாதாரம்" என்ற நல்ல சொல்லை எடுத்து, வாயால் சொல்லக் கூசுகிற ஒன்றை அதற்குள் பொதிந்து வைத்து, எங்கள் மேசைமேல் இறக்கிவைத்தார்.

ஒரு வெள்ளை அட்டையில் பேனாவால் எழுதி, அவல் தட்டின்மேல் சாய்த்து வைத்தார் அந்த அம்மாள்: காட்சிக்கு மட்டும்.

பேராசிரியர் தன் பங்குக்கு எங்களைத் திருத்தினார். "தம்பி, இதெல்லாம் மேல்நாட்டுக் கதைகளோட பாணியில எழுதினது. அங்க மங்குஸ்தான் எல்லாம் கிடையாது. எழுதினவர் சொல்றது ஏதாவது பெர்ரி பழமா இருக்கும்."

எஸ்தர் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"சார் அந்த ஊருக்குப் போயிருக்கியளா?"

அவர் சிரித்துவிட்டு நகர்ந்தார். அந்தச் சிரிப்புக்கு இன்றைக்குப் பதில் சொல்கிறேன். இல்லாத ஊரில் எந்தப் பழம் விளையும் என்பதை யார் முடிவு செய்வது? எழுதியவர் தோலின் நிறத்தையும் சுளையின் வெண்மையையும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். படிக்கிறவன் கையில் எந்தப் பழம் இருக்கிறதோ அதுதான் அங்கே விளையும். எங்கள் கையில் மங்குஸ்தான் இருந்தது. நாங்கள் கண்ணால் கண்டேயிராத பெர்ரியை நினைத்து நாக்கில் எச்சில் ஊற வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர், படிப்பு என்பதை வேறு என்னவாக நினைத்துக்கொண்டிருந்தார்?

விளையாட்டைச் செய்து காட்டச் சொன்னார்கள். ஒரு வாளித் தண்ணீரும், குழிக்குப் பதில் ஒரு பித்தளைக் கும்பாவும் வைத்திருந்தோம். நான் நீர் மொண்டு நடந்தேன். எஸ்தர் காவல். வழக்கமாக நான் இரண்டு எட்டு வைப்பதற்குள் அவள் வாய் திறந்துவிடும். அன்று அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள், ஒரு வார்த்தை வரவில்லை. பேச்சில் ஒருத்தரிடமும் தோற்காதவள் பேசாமல் நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன். முதல்முறையாக ஒரு சொட்டும் சிந்தாமல் கொண்டுபோய்க் கும்பாவில் ஊற்றினேன். பார்த்தவர்கள் இதில் என்ன விளையாட்டு இருக்கிறது என்று புரியாமல் கைதட்டினார்கள்.

மத்தியானத்துக்கு மேல் அம்மா வந்தாள். நாங்கள் பெரிய மனிதர்களுக்கு விருந்து வைப்பதைப் பார்க்க அரை நாள் லீவு கேட்டு வந்திருந்தாள். சேலைக் கரை இன்னும் ஈரமாக இருந்தது. தட்டு நிறைய அவல் காய்ந்துபோய் இருந்ததையும், அதன்மேல் வெள்ளையாக ஓர் அட்டை நின்றதையும் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

"பரிசு குடுத்திருக்காவளாலே?"

நான் தட்டை ஓரமாக நகர்த்தினேன்.

"என்ன எழுதியிருக்கு? வாசிலே, கேப்போம்."

மருந்துப் பாட்டிலிலிருந்து பஸ் பலகைவரை அம்மாவுக்காக எவ்வளவோ வாசித்திருக்கிறேன். அந்த இரண்டு சொற்களை வாசித்த மாதிரி எதையும் வாசித்ததில்லை. அம்மாவுக்குப் புரியவில்லை. "அப்படின்னா?" என்றாள். எஸ்தர்தான் சொன்னாள்.

"பாக்கலாமாம் சித்தி. திங்கக் கூடாதாம்."

அம்மா அந்த மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள். மேடையில் உட்கார்ந்திருந்த பேராசிரியரைக் கண்டதும் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. முந்தின நாள் ராத்திரி தங்கியது அவளுடைய லாட்ஜில்தான்; காலையில் அவர் அறைக்குச் சூடு தண்ணீர் கொண்டுபோய் வைத்தது அவள்தான்.

"நான் விரிச்ச மெத்தையில படுக்கலாம்" என்றாள் அம்மா. சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் தணித்தும் சொல்லவில்லை. "நான் துவைச்ச போர்வைய வாய் வரைக்கும் இழுத்து மூடிக்கிடலாம். நான் நனைச்ச அவல்தான் ஆகாதோ?"

பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அட்டையை எடுத்து ஓரமாக வைத்தாள். "எனக்குப் பசிக்கி. நீங்களும் உக்காருங்கட்டி, ஏலே இசக்கி, உக்காரு" என்று சொல்லி, தட்டை முன்னால் இழுத்துக்கொண்டு, அத்தனை பேருக்கும் நடுவில் தின்றாள். நாங்களும் தின்றோம். கேக் மேசையிலிருந்து அந்தப் பெண் மறுபடி வந்து கை நீட்டினாள். அம்மா அவளுக்கும் ஒரு கவளம் வைத்தாள். கேக்குக்கு முதல் பரிசு கிடைத்தது. எங்களுக்கு "ஆர்வப் பரிசு" என்று ஆளுக்கு ஒரு பேனா கொடுத்தார்கள். எஸ்தர் தன் பேனாவை மேசையிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

பஸ்ஸில் திரும்பும்போது இசக்கி, "அந்த மேடம் பேரு என்னலே?" என்று கேட்டான்.

"எந்த மேடம்?" என்றாள் எஸ்தர். அவள் சட்டத்தை மறக்கவில்லை. இன்றுவரை அந்த அம்மாளின் பெயரை எங்கள் மூவரில் யாரும் சொன்னதில்லை. இந்தக் கட்டுரையிலும் சொல்லவில்லை.

இதையெல்லாம் இப்போது ஏன் கிளறுகிறேன் என்று கேட்டால், காரணம் இருக்கிறது. நான் இன்று சுரண்டையில் ஒரு பள்ளியில் ஆசிரியன். பிள்ளைகளுக்காக அங்கங்கே சில கதைகள் எழுதியிருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு அதே சங்கம் இந்தச் சீசனில் என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டது. ஆட்கள் மாறிவிட்டார்கள்; இப்போதைய செயலாளர் என் வயதுக்காரர், மரியாதை தெரிந்தவர், பழைய சங்கதி எதுவும் அவருக்குத் தெரியாது. விழா இப்போது குற்றாலத்திலேயே, ஒரு பெரிய ஓட்டல் அரங்கத்தில்.

போகும் வழியில் பெரிய அருவிப் பக்கம் எஸ்தரைப் பார்த்தேன். போலீஸில் சேர்ந்துவிட்டாள், சீசன் பந்தோபஸ்துக்குப் போட்டிருந்தார்கள். பெண்கள் குளிக்கிற பக்கத்தில் சாரலில் நனைந்துகொண்டு, லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாயாலேயே கூட்டத்தை நகர்த்திக்கொண்டிருந்தாள். "யக்கா, தண்ணி நாளைக்கும் விழும், கொஞ்சம் அடுத்தவங்களுக்கும் விடுங்க." ஒருத்தரையும் தொடவில்லை. நான் விஷயத்தைச் சொன்னதும் கொஞ்சம் யோசித்தாள்.

"போயிட்டு வா. ஆனா அங்கன போய் வாயத் தொறக்காத. தொறந்தா கொட்டிரும்."

அரங்கத்தில் மேசைகள் வரிசையாக இருந்தன. ஒரு கோடியில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேர். அவர்கள் எடுத்துக்கொண்ட புத்தகம் கடலுக்கடியில் நடக்கிற ஏதோ கதை. தட்டில் அவித்த மரச்சீனிக் கிழங்கைச் சிப்பி சிப்பியாக நறுக்கி, தேங்காய்ப்பூ தூவி, உப்புத் தண்ணீரில் அலசிய மாங்காய்க் கீற்றுகளோடு அடுக்கி வைத்திருந்தார்கள். தட்டின்மேல் அட்டை நின்றது. காட்சிக்கு மட்டும். அன்றைக்குப் பேனாவால் எழுதியது, இன்றைக்கு அச்சடித்து லேமினேட் செய்யப்பட்டிருந்தது. ஒவ்வொரு வருஷமும் எழுதச் சிரமமாக இருந்திருக்கும் போலிருக்கிறது. பக்கத்து மேசைகளைத் திரும்பிப் பார்த்தேன். பேஸ்ட்ரி, சாக்லேட், பெட்டி பெட்டியாக ஜூஸ். எதன்மேலும் அட்டை இல்லை.

"நான் சாப்பிடலாமா?" என்று அந்த இருவரில் பெண் பிள்ளையிடம் கேட்டேன். பத்து வயது இருக்கும். அட்டையைப் பார்த்தாள், என் தோளில் கிடந்த சால்வையைப் பார்த்தாள்.

"கை கழுவிட்டியளா சார்?"

இல்லை என்றேன். மேசைக்குக் கீழேயிருந்து ஒரு தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தாள். "நீட்டுங்க" என்றாள். நான் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினேன், அவள் ஊற்றினாள். அதற்குள் செயலாளர் ஓடி வந்துவிட்டார்.

"சார், சார், அது வேண்டாம் சார். உங்களுக்குத் தனியா கேட்டரிங்ல சொல்லியிருக்கோம் சார். இது பசங்க வீட்டுல செஞ்சு கொண்டுவந்தது. எப்படிச் செஞ்சாங்களோ என்னவோ. ஒண்ணும் தப்பா எடுத்துக்காதீங்க சார், சுகாதாரம்தான் சார்…"

அவர் பேசிக்கொண்டே இருந்தார். சொல்வதற்கு எல்லாம் வரிசையாக என் நாக்கில் வந்து நின்றது. மெத்தை, போர்வை, கொதித்து ஆறிய தண்ணீர், தட்டுக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைச் சுளை. குனிந்து பார்த்தேன். குவிந்திருந்த என் கையில் நீர் நிறைந்து அசையாமல் நின்றது. விரல்கள் தாமாகவே இறுகிக்கொண்டிருந்தன. ஒரு சொட்டு விழவில்லை.

கொண்டுபோய் ஊற்றத்தான் இடமில்லை. சிற்றாற்றங்கரையில் குழி விழுந்த அந்தப் பாறை, கார் நிறுத்துவதற்குப் போட்ட சிமெண்ட் தளத்துக்கு அடியில் போய் வருஷக்கணக்காகிறது.

"என்ன சார், கழுவச் சொன்னா வேடிக்கை பாக்கிய?" என்றாள் அந்தப் பெண்.

கழுவினேன். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அட்டையை எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவளிடம் கையை நீட்டினேன்.